நுழைவதெல்லாம் பொருந்துவதல்ல

இலக்கியம் பேசக் கூடிய இடத்தில் கணினியின் உதிரிப்பாகம் ஒன்றைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். பழைய சிற்றிதழ்களைப் பக்கம் பக்கமாக வருடிக் கோப்புகளாக்கும் பணியில் நாங்கள் சிலர் ஈடுபட்டிருக்கிறோம். அப்பணிக்குத் தடையாக வந்து நின்றது தாளின் பழுப்போ அச்சின் மங்கலோ அல்ல. எங்கள் மேசைக்கணினியின் நினைவகப் போதாமை. அதைப் போக்கப் புறப்பட்டுப் பட்ட பாட்டிலிருந்து எங்களுக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அடர்த்தியில் வண்ணத்தில் வருடினால், சுருக்கப்படாத நிலையில் அது நினைவகத்தில் ஏறக்குறைய 100 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்து கறை நீக்கவும் சாய்வைத் திருத்தவும் முற்பட்டால் 1 ஜிபி கரைந்துவிடும். எங்கள் கணினியில் இருந்ததோ மொத்தமே 2 ஜிபி. ஒரு பக்கத்தைத் திருத்திவிட்டு அடுத்ததற்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு சிறுகதையையே வாசித்து முடித்துவிடலாம் என்னும் நிலை.

அக்கணினியின் தாய்ப்பலகை இன்டெல் ஜி41 சிப்செட்டைக் கொண்டது. டிடிஆர்3 வகை ராம் செருக இரண்டு இடங்கள். 8 ஜிபி வரை ஏற்கும் என்கிறது கையேடு. ஆகவே 4 ஜிபி ராம்கள் இரண்டு வாங்கினோம். தலைமுறை சரி, மின்னழுத்தம் சரி, அடிவிளிம்பில் உள்ள பிளவும் சரி. இரண்டும் கச்சிதமாகச் சென்று அமர்ந்தன. ஆனால் திரை இருண்டே கிடந்தது. உள்ளிருந்து பீப் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. கடையில் சொன்னபோது, "போர்டு வீக் ஆயிடுச்சு சார், புது சிஸ்டமே வாங்கிடுங்க" என்று விடை வந்தது. பழைய ராம்களைத் திரும்பச் செருகினால் அதே பலகை ஒரு குறையுமின்றி ஓடியது என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

பிழை பலகையிலும் இல்லை, ராமிலும் இல்லை. 4 ஜிபி ராமை இருவிதமாகச் செய்யலாம். 2 கிகாபிட் சில்லுகள் பதினாறைப் பக்கத்துக்கு எட்டாகப் பதிக்கலாம். 4 கிகாபிட் சில்லுகள் எட்டையே பதித்து முடித்தும்விடலாம். கூட்டினால் கொள்ளளவு ஒன்றே. ஆனால், அத்தகைய 2 கிகாபிட் சில்லின் ஒவ்வொரு பிரிவிலும் 32,768 வரிசைகள் உள்ளன. எந்த வரிசை வேண்டும் என்று கேட்க 15 முகவரித் தடங்கள் போதும். 4 கிகாபிட் சில்லில் 65,536 வரிசைகள்; 16 தடங்கள் வேண்டும். ஜி41 சிப்செட்டிலிருந்து ராமுக்குச் செல்லும் முகவரித் தடங்கள் 15 மட்டுமே. வீட்டின் கதவெண்ணை முழுமையாக எழுத இடமில்லாத அஞ்சலுறையைப் போல, கேள்வி போய்ச் சேர வழியில்லை. எங்களுக்கு விற்கப்பட்டவை எட்டுச் சில்லு கொண்டவை. தேடியலைந்து பதினாறு சில்லு கொண்டவற்றை வாங்கிச் செருகினோம். முதல் முறையிலேயே 8 ஜிபி என்று திரை காட்டியது.

ராம்களின் தர வரையறையை ஜெடெக் என்னும் அமைப்பு வகுக்கிறது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 தொடுமுனைகள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் செருகிப் பலகையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பிளவின் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இது அருமையான ஏற்பாடு. ஆனால் இந்தக் காவல் தலைமுறை மாறுவதைத்தான் தடுக்கும். சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் 'ரிஜிஸ்டர்டு' டிடிஆர்3 ராம், வீட்டுக் கணினியின் பலகையிலும் இடறாமல் நுழையும், இயங்காது. ஏஎம்டி கணினிகளுக்கு மட்டும் என்று விற்கப்படும் சில வகைகளும் இன்டெல் பலகையில் அப்படியே.

ஒரே தலைப்பைத் தாங்கியதாலேயே இரண்டு பதிப்புகளை ஒரே நூல் என்று நாம் கொள்வதில்லை. பதிப்பாண்டு பார்க்கிறோம், பாடவேறுபாடு பார்க்கிறோம். ராமின் மேலொட்டிய சீட்டும் அத்தகைய நோட்டத்தைக் கோருகிறது. அதில் '2ஆர்எக்ஸ்8' என்று இருந்தால் எட்டு பிட் சில்லுகள் இரண்டு அணிகளாக உள்ளன என்று பொருள். '1ஆர்எக்ஸ்8' என்றால் ஓர் அணி. எங்களை அலையவிட்ட வேறுபாடு முழுவதும் அந்த ஓரெழுத்தில் இருந்தது. கடையின் விலைப்பட்டியலிலோ '4 ஜிபி, டிடிஆர்3, 1333' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

இவ்வளவு நுணுக்கம் வாங்குபவருக்கு எதற்கு, தர வரையறை இருப்பதே அவரை இக்கவலையிலிருந்து விடுவிக்கத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அண்மைக்காலப் பலகைகளில், சரியான தலைமுறையைச் சேர்ந்த சாதாரண ராம்களை ஒரே பெட்டியில் வரும் இணையாக வாங்கினால் பெரும்பாலும் தொல்லையில்லை. இடர் வருவது பழைய பலகைகளில். அவற்றை வைத்திருப்பவர்களோ புதியது வாங்க வசதியில்லாதவர்கள்: சிறு நூலகங்கள், கிராமத்துப் பள்ளிகள், எங்களைப் போலக் கைக்காசில் காரியம் செய்பவர்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவை பெருகி நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியதையும் கண்டோம். இச்சூழலில், நன்றாக ஓடும் பலகையைச் செத்ததென்று சொல்லி ஒருவரைப் புதிய கணினிக்குத் தள்ளுவது சிறு பிழையன்று.

ஆகவே விற்பவர்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே. கொள்ளளவையும் வேகத்தையும் எழுதும் பட்டியலில் சில்லு அமைப்பையும் எழுதுங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவோம் என்று ரசீதிலும் எழுதுங்கள். வாங்குபவர்களும் வெறுங்கையோடு கடைக்குப் போக வேண்டாம். தாய்ப்பலகையில் அச்சிட்டுள்ள பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் பொருந்தும் ராம்களின் பட்டியலைப் பாருங்கள். பழைய ராமின் சீட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை தாங்கும் வேகத்துக்கு மேற்பட்ட ராமுக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அது பலகையின் வேகத்துக்கு இறங்கித்தான் ஓடும். 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள், வழக்கமான பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தா என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வேகம் மிகுந்தது எது என்பதைக் காட்டிலும், நம் பலகை புரிந்துகொள்ளக் கூடியது எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். புதிய கணினி வாங்கச் சொன்ன கடையின் பேச்சைக் கேட்டிருந்தால், எங்களிடமிருந்த சிறு தொகை அதற்கே போயிருக்கும். வருடும் பணியும் நின்றிருக்கும். இப்போது கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் மூன்று கட்டு இதழ்கள் மேசையில் காத்திருக்கின்றன.