உலோகச் சாயம்: பெயர் ஒன்று, முறை இரண்டு

கம்பளிக்குச் சாயமிடுவோரிடையே "உலோகச் சாயம்" என்னும் பெயர் பெருவழக்கில் உள்ளது. பதோஹியின் கம்பள நூலாயினும் லூதியானாவின் பின்னல் நூலாயினும், வெயிலுக்கும் சலவைக்கும் அசையாத நிறம் வேண்டுமெனில் இச்சாயத்தையே நாடுகின்றனர். ஆயினும் இவ்வொரு பெயருள் இருவேறு வகைகள் அடங்கியிருத்தலைப் பலரும் கருதுவதில்லை. அவற்றைப் பிரித்துக் கூறாத கையேடு பயனிலும் தீங்கையே மிகுதியாக விளைவிக்கும் என்பது என் கருத்து.

பழைய முறையில், சாயமேற்றிய கம்பளியைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் கொதிக்க வைத்து நிறத்தை ஊன்றச் செய்தனர். அவ்வுப்பிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. அது மூவிணைதிற நிலையை அடைவதும் கம்பளிப் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளைச் சிதைத்தே நிகழ்கிறது. உலோக அணைவுச் சாயங்களிலோ, மூவிணைதிறக் குரோமியம் ஆலையிலேயே சாய மூலக்கூறுடன் பிணைக்கப்பட்டுவிடுகிறது. 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் வெளியிட்ட கொள்கையின்படி, குரோமியம் தன்னைச் சுற்றி ஆறு பிணைப்பிடங்களை உடையது. இரு வகைகளின் வேறுபாடும் இவ்வாறு இடங்களும் எவ்வாறு நிரம்புகின்றன என்பதிலேயே உள்ளது.

முதல் வகையில் ஓர் உலோக அணுவுக்கு ஒரு சாய மூலக்கூறு. எஞ்சிய இடங்களில் நீர் மூலக்கூறுகள் நிற்கின்றன. அவை விலகினால் கம்பளிப் புரதமே அங்குப் பிணைந்துகொள்ளும். இப்பிணைப்பு விரைந்து நிகழுமாயின் நிறம் திட்டுத்திட்டாகப் படியும். ஆகவே கம்பளியின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் கந்தக அமிலம் சேர்த்து, பி.எச். 2 அளவில் கொதிக்க வைக்கின்றனர். அமிலத்தைக் குறைப்பது சிக்கனம் போலத் தோன்றும். சீரற்ற நிறமே அதன் பலன். எனினும் இவ்வமிலம் நெடுநேரக் கொதிப்பில் புரதச் சங்கிலிகளை அறுத்து நூலை நலிவடையச் செய்யும். சாயமிட்டபின் நன்கு அலசி, அமிலத்தை நடுநிலைப்படுத்துதல் இன்றியமையாதது.

இரண்டாம் வகையில் ஒரு குரோமியம் அல்லது கோபால்ட் அணுவை இரு சாய மூலக்கூறுகள் பற்றியிருக்கின்றன. ஆறு இடங்களும் நிரம்பிவிட்டன. இப்பெரிய மூலக்கூறு கம்பளியை வலிந்து நாடுவதால் பி.எச். 5 முதல் 7 வரை போதும். அம்மோனியம் அசெட்டேட் அல்லது அம்மோனியம் சல்ஃபேட் சேர்த்தால் போதுமானது. நூலின் வலிமையும் காக்கப்படும். ஆனால் இதற்குக் கந்தக அமிலத்தை ஊற்றினால் சாயம் ஒரே பாய்ச்சலில் ஏறிச் சீர்கெடும். ஒருமுறை ஏறிய சாயம் எளிதில் இடம் பெயராது. ஆதலால் வெப்பத்தையும் மெல்லவே உயர்த்துதல் வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு வந்த குறிப்பொன்றில் "உலோகச் சாயத்துக்கு அமிலம் சேர்க்கவும்" என்றுமட்டும் இருந்தது. எந்தச் சாயம், எவ்வளவு அமிலம் என்பது இல்லை. அதனை அப்படியே தமிழில் பெயர்த்திருந்தால் சொற்பிழை நேர்ந்திராது, நூல் பிழைபட்டிருக்கும். நட்டமோ கூலிக்குச் சாயமிடும் எளியவருடையது.

எனவே கையேடுகளில் "ஒன்றுக்கு ஒன்று", "ஒன்றுக்கு இரண்டு" எனத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் ஆறு பிணைப்பிடங்களைக் கரும்பலகையில் வரைந்து காரணத்தை விளக்கலாம். கம்பளி ஏற்காது விட்ட சாயத்தோடு குரோமியமும் கழிவுநீரில் செல்லும் என்பதையும் உணர்த்துதல் நலம். களப்பணியாளரோ பி.எச். தாளைக் கையுடன் கொண்டு செல்வாராக. பெயரை நம்பி அமிலம் ஊற்றுவதினும் தொட்டியைச் சோதித்து ஊற்றுவதே விஞ்ஞான முறை.