அந்த அகலம் எவ்வளவு?

தோட்டம் விட்டு ஈப்போவில் குடியேறிய நம் பெரியவர்கள் பலர், மூச்சிரைப்பை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிடுகின்றனர். அது இதயச் செயலிழப்பாகவும் இருக்கலாம்.

இதயத்தின் இரு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்கச் செய்யும் பேஸ்மேக்கர் சிலருக்கு மறுவாழ்வு தருகிறது. ஆனால், பொருத்திக்கொள்வோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் போதிய பலன் இல்லை. யாருக்குப் பயன்படும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவு முடியும், அதற்குச் சாதாரண இ.சி.ஜி. தாளே முதல் வழிகாட்டி. இதயத்தின் இடப்பக்க மின்பாதை தடைபட்டு, ‘கியூ.ஆர்.எஸ்.’ அலையின் அகலம் 150 மில்லிவினாடியை எட்டியவர்களே அதிகம் பயனடைகின்றனர். 130க்குக் குறைந்தவர்களுக்குத் தீங்கும் நேரலாம் என 2013இல் வெளிவந்த எக்கோ சி.ஆர்.டி. ஆய்வு காட்டியது.

ஆகவே, சேமநிதிப் பணத்தை எடுக்கும் முன், ‘அந்த அகலம் எவ்வளவு?’ என்று கேட்க வேண்டும். தாத்தா பாட்டி கேட்கத் தயங்குவார்கள். தமிழும் மலாய்மொழியும் கற்ற நாம் உடன் சென்று கேட்போம். பதிலைத் தமிழில் எடுத்துச் சொல்வோம். கற்ற கல்விக்கு இதைவிடப் பயன் ஏது?