கேட்பது பிச்சையா?

கல்லூரியில் பயிலும் மாற்றுத்திறனாளி ஒருவர், "வகுப்பறைக்குச் சாய்தளம் வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும்" என்று வாய்திறந்தால் நம்மவர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். "இடம் கொடுத்ததே பெரிது, பொறுமை வேண்டாமா?" என்கின்றனர். 'ஸப்ரு' என்னும் உயர்ந்த சொல் இங்கே வாயடைக்கும் துணியாகிறது.

மார்க்கம் இதனை ஏற்குமா? கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கல்வி நாடி வந்தபோது, குறைஷித் தலைவர்கள்பால் கவனம் சென்றதைச் சுட்டியே திருமறையின் 80ஆம் அத்தியாயம் 'அபஸ' அருளப்பெற்றது. அறப்போரில் ஈடுபடுவோரும் ஈடுபடாதோரும் சமமாகார் என்னும் வசனம் இறங்கியபோது, அதே தோழர் தம் நிலையை எடுத்துரைத்து முறையிட்டார். இடருடையோருக்கு விலக்களிக்கும் சொற்கள் அவ்வசனத்தில் சேர்ந்தன. புகாரீ நூல் இதனைப் பதிந்துள்ளது. முறையிட்டவரைப் பொறுமையற்றவர் என்று எவரும் இகழவில்லை.

"பிறர்க்கில்லாத சலுகை நீதியாகுமா?" என்று வினவுவோரே! நிற்க இயலாதவர் அமர்ந்து தொழுகிறார். அமரவும் இயலாதவர் படுத்துத் தொழுகிறார். ரக்அத்து ஒன்றேனும் குறைகிறதா? கடமை மாறவில்லை, நிறைவேற்றும் முறையே மாறுகிறது. சொல்வதை எழுதுபவர் உடனிருந்தாலும் வினாத்தாள் அதுவேயன்றோ!

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிலையங்களில், 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடையோர்க்கு 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற நிலையங்களும் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்துதர வேண்டுமென்பது அதன் 16ஆம் பிரிவின் நோக்கம். 40 விழுக்காட்டை எட்டாதவர்க்கும், எழுதுவதில் இடருண்டேல், சொல்வதை எழுதுபவரை மறுக்கலாகாது என்று 2021 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுக்கப்பட்ட தேர்வர் வழக்காடியதால் விளைந்த நன்மை அது. அவர் 'பொறுமை' காத்திருந்தால் இத்தீர்ப்பு ஏது?

சமுதாயக் கல்லூரிகளை நடத்தும் பெரியோர்களே! ஜகாத் நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை தீர்ந்ததாக எண்ணாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே அம்மாணவர்களை அழைத்து, அவர்தம் தேவையை அவர்கள் வாயாலேயே கேட்டறியுங்கள்.

மாணவச் செல்வங்களே! தேவையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடுங்கள். நீங்கள் கேட்பது கைராத்து அன்று, உங்கள் ஹக்கு. ஹக்கைக் கேட்பவர் தலைகுனிய வேண்டியதில்லை; அதைத் தர மறுப்பவரே நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்.