அடைக்கலான் குருவியின் விலை

புத்தாண்டு பிறந்தால் கிறித்தவ வீடுகளின் சுவரில் புதிய நாட்காட்டி ஒன்று ஏறிவிடும். பனிமலை, ஏரி, நம் மண்ணில் பூக்காத ஏதோ ஒரு மலர். அடியில் அமைதி தரும் வசனம். அந்தப் படங்களில் மனிதர் எவரும் இருப்பதில்லை. இயற்கையைக் கண்டு மனம் ஆறுவதென்றால் ஆளற்ற இடத்தைப் பார்ப்பது என்ற எண்ணம் இப்படித்தான் நமக்குள் ஊறிவிட்டது போலும்.

சுவிசேஷங்கள் காட்டும் இயற்கை அதுவன்று. விதை, களை, கடுகு, வலையில் அகப்பட்ட மீன் என எல்லாமே உழைப்பவர் கைபட்டவை. (இயேசு சாமையைக் கண்டிருந்தால் கடுகை விட்டிருப்பார் என்று, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும்போதெல்லாம் வேடிக்கையாக எண்ணிக்கொள்வோம்.) பறவைகளுள்ளும் அவர் தேர்ந்தது சந்தையில் விலைபோகும் சிறு குருவியை. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப் பார்த்தால் ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்த ஒன்றும் மறக்கப்படவில்லை என்பதுதான் அங்குள்ள ஆறுதல்.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை 'அடைக்கலான் குருவி' என்கிறது. வீட்டு இறப்பில் புகலடையும் சிட்டுக்குருவிக்கு நம்மவர் வழங்கிய பெயர். கிரேக்கத்தில் அது வெறும் சிறு குருவிதான். அடைக்கலம் என்னும் நிழல் தமிழில் வந்து சேர்ந்தது. 84ஆம் சங்கீதத்தில் பலிபீடத்தருகே வீடு காண்பதும் இதே பறவை. புகலிடத்தைப் பெயரிலேயே சுமப்பது காசுக்கு விற்கப்படுகிறது என்று படிக்கையில் அந்த வசனம் நம் மொழியில் சற்றுக் கூடுதலாகவே கனக்கிறது.

சவ்வாது மலையில் நின்று இதை எண்ணுவோர் 2015ஆம் ஆண்டை விலக்க இயலாது. அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிகளுக்கு 20 பேர் பலியாயினர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள், சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்துக் கொன்றார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றஞ்சாட்டின. இறந்தோருள் இம்மலை மக்களும் இருந்தனர். மானாவாரிச் சாமையும் பலாவும் புளியும் ஆண்டு முழுவதும் சோறு போடாத வீடுகள் அவர்களுடையவை. செம்மரத்தின் விலை கடல் கடந்து ஏறியது. வெட்டக் கூலிக்குப் போனவரின் விலையோ கொசுறுக் குருவியினுடையது.

இங்கே நின்றுகொண்டு, இயற்கையைப் பாருங்கள், அமைதி கிட்டும் என்று எந்த வாயால் சொல்வது? மத்தேயுவை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். அடைக்கலான் என்னும் சொல்லை நமக்கு ஈந்த அதே மொழிபெயர்ப்பு, குருவி தரையில் விழுவதைச் சொல்லும் இடத்தில் பிதாவின் 'சித்தம்' என்றொரு சொல்லையும் சேர்த்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் அச்சொல் இல்லை. பிதா இன்றி என்ற அளவிலேயே அது நின்றுவிடுகிறது. சித்தம் என்று படித்தால் 20 பிணங்களும் கடவுளின் விருப்பமாகிவிடும். இரங்கல் வீட்டு வாசலில் நின்று அதைச் சொல்லக் கூசாதவர்களும் உண்டு, நம்மால் ஆகாது. பிதா இன்றி என்று படித்தாலோ, குருவி விழுமிடத்தில் அவரும் இருக்கிறார். விழாது என்ற உறுதியை மட்டும் அவ்வசனம் எங்கும் தரவில்லை. நாட்காட்டிப் படங்கள் தருவதாகச் சொல்லும் உறுதியோ அதுவேதான்.

மலையடிவாரத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். திராவிடக் கோயில் வடிவில் அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஜெபத்துக்கென்று வந்து அமர்ந்தவர்கள் நோயாளிகளையும் வாசலுக்கு வரவழைத்துக்கொண்டார்களே, அதைப் பற்றி எழுதுவோர் குறைவு.

சென்ற அறுவடையின்போது மலையூர் ஒன்றில் ஒரு களத்தோரம் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். சாமை காய்ந்துகொண்டிருந்தது. காவலிருந்த மூதாட்டி கையிலிருந்த குச்சியால் தரையைத் தட்டிக் குருவிகளை விரட்டினார். அவை அவருடைய கூரை இறப்பிலேயே போய் உட்கார்ந்தன. அவர் கண்ணயர்ந்ததும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.