நாய் வயிற்றில் நெய்

"நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா?" என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத சிநேகிதனையும், திடீரென்று வந்த சொத்தைக் கட்டிக் காக்கத் தெரியாத பங்காளியையும் ஏசுவதற்கு இதைவிடக் கைக்கு அடக்கமான ஆயுதம் கிடையாது. என் கதைகளில் வரும் கிழவிகளில் இரண்டு மூன்று பேருடைய வாயிலாவது நானே இதைப் போட்டிருக்கிறேன். வாசகர்கள் ரசித்தார்கள். நானும் ரசித்தேன்.

இப்போது எனக்கு அந்தப் பழமொழியின் மேல் கோபம். அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக் கொள்வது நமக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்ற கோபம். நாய் தின்கிறது, தின்றும் இளைக்கிறது. "அதன் வயிறு அப்படி" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுகிறோம். இப்படிச் சொல்லிச் சொல்லியே என் வீட்டு நாயை நான் ஏறக்குறையக் கொன்று விட்டேன். ஆகையால் இந்த விஷயத்தைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. தில்லிக்கு மாற்றலாகிப் போன சிநேகிதர் ஒருவர், இரண்டு வயது அல்சேஷன் நாய் ஒன்றை எங்களிடம் விட்டுப் போனார். ஜெர்மன் ஷெப்பர்டு என்று இப்போது சொல்லுகிறார்களே, அந்த ஜாதிதான். பெயர் டைகர். வந்த அன்றைக்கு எடை முப்பத்தொரு கிலோ. நான்கு மாதம் கழித்து இருபத்திரண்டு. பெயர் மட்டும் இளைக்காமல் அப்படியே இருந்தது.

அந்த நான்கு மாதமும் நாங்கள் அதைப் பட்டினி போட்டோம் என்று எண்ணி விடாதீர்கள். எங்கள் வீடு சைவ வீடு. என் தாயார் தன் கையாலேயே தயிர் சாதம் பிசைந்து வைத்தாள். இளைக்கிறது என்று தெரிந்ததும் நெய்யைக் கூட்டினாள். பிறகு காலையும் மாலையும் பசும்பால். என் பெண் தன் பங்குக்கு பிஸ்கட். எதிர் வீட்டு ஓய்வு பெற்ற அதிகாரி, "பூச்சி சார், பூச்சி! வெள்ளைப் பூண்டை நசுக்கிப் போடுங்கள்" என்றார், போட்டோம். இன்னொருவர் சொன்னார் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் போய், என் ஒரு கதைக்குக் கிடைக்கும் சன்மானத்தைக் கொடுத்து வெளிநாட்டுத் தீனி மூட்டை ஒன்று வாங்கி வந்தேன். டைகர் அத்தனையையும் தின்றது. தட்டை நக்கியது. தட்டு வைத்திருந்த தரையை நக்கியது. கடைசியில் தன் மலத்தையே தின்ன ஆரம்பித்தது.

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "என்ன இருந்தாலும் நாய்தானே! புத்தி எங்கே போகும்?" நானும் ஆமோதித்தேன். அது ஈனப் புத்தி இல்லை, பசி என்று எனக்கு அப்போது தெரியாது. வயிறு நிறையத் தின்ற பிறகும் ஒரு ஜீவனுக்குப் பசி இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

தோன்ற வைத்தவள் எங்கள் வீட்டு வாசலைப் பெருக்குகிற அம்மாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக்காரி. வீட்டில் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். ஒரு நாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, இது தின்னதெல்லாம் அப்படியே வெளியில போவுது. வெளுத்துப் போயி, எண்ணெய் மாதிரி மினுமினுன்னு, கூடை கூடையா அள்ளறேன். மாட்டுக்கு இப்படிப் போனா நாங்க சும்மா இருப்போமா?"

சாணத்தைப் பார்த்து மாட்டின் சுகத்தைச் சொல்லக்கூடியவள் அவள். நாங்கள் படித்தவர்கள், தட்டை மட்டும் பார்த்தோம். உள்ளே போவது என்ன என்று பார்த்து உச்சி குளிர்ந்தோமே தவிர, வெளியே வருவது என்ன என்று பார்க்க எங்களுக்கு அருவருப்பு. இந்த அருவருப்புக்குத்தான் நாம் சுத்தம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மறுநாளே டைகரை வேப்பேரிக்கு அழைத்துக் கொண்டு போனேன். அங்கேதான் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டர் நாயைத் தொடுமுன் என்னைக் கேள்வி கேட்டார். எத்தனை வேளை, எவ்வளவு, மலம் என்ன நிறம், எத்தனை தரம்? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. பரீட்சையில் விழிக்கும் பையனைப் போல் விழித்தேன். முதலில் மலப் பரிசோதனை. நம் பக்கத்து நாய்கள் இளைப்பதற்குக் கொக்கிப் புழு ஒரு பெரிய காரணமாம். குடலைக் கவ்விக் கொண்டு ரத்தத்தைக் குடித்து, ஈறெல்லாம் வெளிறிப் போகச் செய்யும். அது டைகரிடம் இல்லை. பிறகு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, டி.எல்.ஐ. என்று ஒரு பரிசோதனை. சில தினங்களில் முடிவு வந்தது. கணையம் வேலை செய்யவில்லை.

கணையம் என்பது இரைப்பையை ஒட்டி இருக்கும் சிறிய உறுப்பு. சோற்றையும் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கிற ரசங்கள் அங்கேதான் ஊறுகின்றன. அல்சேஷன் ஜாதியில் சில நாய்களுக்கு, வாலிப வயதிலேயே, இந்த ரசம் ஊறுகிற திசுக்கள் தாமாகவே நலிந்து போய்விடும். பிறகு பாலும் நெய்யும் மூட்டைத் தீனியும் எல்லாம் ஒன்றுதான். தின்றது கரையாது; கரையாதது உடம்பில் சேராது. கொட்டக் கொட்ட ஒழுகும் குடத்தில் நாங்கள் நெய்யைக் கொட்டிக் கொண்டிருந்தோம். நாய் வயிற்றில் நெய் தங்காமல் போவது உண்மையில் ஒரு நோய். அந்த நோய்க்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. நம்மிடம் இருந்ததோ பழமொழி மட்டும்.

இதில் இன்னொரு வெட்கமும் இருக்கிறது. ஜீரணத்தைப் பற்றி மனிதன் தெரிந்து கொண்டதில் பெரும் பங்கு நாயின் வயிற்றிலிருந்து படித்தது. ருஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் என்றால் நமக்கு மணிச் சத்தமும் எச்சில் ஊறும் நாயும் நினைவுக்கு வரும். ஆனால் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, நாய்களின் இரைப்பையிலும் கணையத்திலும் ரசம் சுரக்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக. 1921-ல் கனடாவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டு பிடித்தது நாயின் கணையத்திலிருந்து. இன்று நம் தெருவில் வீட்டுக்கு வீடு நீரிழிவுக்காரர்கள் உயிரோடு உலவுகிறார்கள் என்றால் அதற்கு அந்த நாய்களும் காரணம். நம்மைப் பிழைக்க வைத்த கணையம், நம் வாசலில் நின்று போனால் நமக்குத் தெரிவதில்லை.

சிகிச்சை சுலபமானது, ஆனால் ஆயுள் முழுவதும் வேண்டும். ஒவ்வொரு வேளைத் தீனியிலும் கணைய ரசப் பொடியைக் கலக்க வேண்டும். மாட்டின் பச்சைக் கணையத்தை நறுக்கிப் போடுவதும் உண்டு. நான் அதற்கும் துணிந்து கசாப்புக் கடைக்குப் போனேன். "கணையம் இருக்கா பாய்?" என்று கேட்டேன். அவர் என் நெற்றியையும் என் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். "சுவரொட்டியைச் சொல்றீங்களா, சார்?" என்றார். சுவரொட்டி என்றால் மண்ணீரல்; அதனால் பிரயோஜனம் இல்லை. பச்சை மாமிசத்தில் கிருமிகளும் வரலாம், பொடியே நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தப்பித்தேன்.

ஆனால் வீட்டில் தப்பிக்க முடியவில்லை. பொடி பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது என்று தெரிந்ததும் என் தாயார் தட்டைக் கீழே வைத்து விட்டாள். "இந்த வீட்டுக்குள் அது வரக் கூடாதுடா" என்றாள். எனக்கு என்னவோ சந்தேகம் தட்டியது. என் மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். கல்யாண விருந்துகளுக்குப் போய் வந்தால் மந்தத்துக்கு நான் இரண்டு வருஷமாக விழுங்கி வரும் மாத்திரை அங்கே இருந்தது. அட்டையின் பின்புறம், பூதக் கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் அதே சரக்கின் பெயர்: பான்கிரியாட்டின்! நானே சாப்பிட்டிருக்கிறேன், அம்மா. என் ஆசாரம் கெட்டதாக யாருக்கும் தெரியவில்லை. நாயின் தட்டில் விழும்போது மட்டும் நமக்கு ஆசாரம் ஞாபகம் வருகிறது.

அம்மா அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாள் கொல்லைப்புறத்தில் தனியாக ஓர் அடுப்பு மூட்டச் சொன்னாள். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய சீர்திருத்தத்தை நான் எந்த நாவலிலும் எழுதியதில்லை.

டைகரின் ஆகாரம் இப்போது இதுதான்: குழைய வடித்த அரிசிச் சோறு, தோல் நீக்கி வேகவைத்த கோழி. ஒரு நாளைக்கு மூன்று வேளை, அளந்து. பால், நெய், பிஸ்கட், பூண்டு எல்லாம் நிறுத்தம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை ஜீரணமாகாது, பேதி ஆகும். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே அழிக்கக் கூடியவை. எதிர் வீட்டுக்காரரின் வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. முதல் வாரம் பொடியைச் சுடச் சுடச் சோற்றில் கலந்து விட்டோம். சூட்டில் ரசத்தின் வீரியம் போய்விட, பலனே இல்லை. ஆறிய சோற்றில் கலந்த பிறகுதான் குணம் தெரிந்தது. பி12 ஊசியும் போட வேண்டியிருந்தது; இந்த நோயில் அந்தச் சத்தும் குறைந்து போகுமாம்.

"நாய்க்குச் சோறே ஆகாது, மாமிசம்தான் இயற்கை" என்று ஒரு கட்சி இப்போது கிளம்பியிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013-ல் ஒரு விஷயம் வெளியிட்டார்கள். மாவுப் பண்டத்தை ஜீரணிக்கும் ரசத்துக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்கின்றன. நாயிடமோ நான்கு முதல் முப்பது வரை இருக்கின்றன. நம்மோடு கூட இருந்து, நம் சோற்றைத் தின்று, நாய் தன் வயிற்றையே மாற்றிக் கொண்டது. ஆகவே சோறு குற்றவாளி இல்லை. வெறும் சோறுதான் குற்றவாளி. நூறு கிராம் சோற்றில் புரதம் மூன்று கிராம் கூடக் கிடையாது. தயிரும் சாதமுமாகப் போட்டு ஓர் அல்சேஷனை வளர்ப்பது, மல்யுத்தக்காரனைக் கஞ்சித் தண்ணீரில் வளர்க்கிற மாதிரி.

அந்த நாட்களில் ஒரு தரம் மாமல்லபுரம் போக நேர்ந்தது. வழியில் திருக்கழுக்குன்றம். மலை மேல் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போனதைச் சிறு வயதில் நான் பார்த்திருக்கிறேன். 1990-களின் இறுதியில் அவை வருவதை நிறுத்தி விட்டன. பொங்கலால்தான் நின்றன என்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்த பிராணிகளைத் தின்று வாழும் பறவைக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிப் பரவசப்பட்ட ஜனங்கள் நாம். நமக்குப் பிடித்ததை ஊட்டுவதுதான் நம்முடைய அன்பு. அதற்கு என்ன வேண்டும் என்று அதைக் கேட்பதில்லை.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசின் முன்னால் அன்று வெகு நேரம் நின்றேன். ஒற்றைக் காலில் தவம் செய்கிறவரின் விலா எலும்புகளை எண்ணி விடலாம். ஆயிரத்து முன்னூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு சிற்பி, உடம்பு இளைத்தால் எலும்பு எப்படித் தெரியும் என்று கவனித்துக் கல்லில் வைத்திருக்கிறான். என் வாசற்படியில் படுத்திருந்த விலா எலும்புகளை நான் நான்கு மாதம் பார்க்கவில்லை.

திரும்பும்போது கடற்கரைச் சாலை ஓரத்தில் ஒரு நாய் நின்றது. உயர்ந்த ஜாதி, அல்சேஷன். கழுத்தில் பட்டையின் தடம். முதுகெலும்பு ரம்பம் மாதிரி. டீக்கடைக்காரர் சொன்னார்: "காரில் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க சார். எவ்ளோ போட்டாலும் திங்குது, ஒட்டவே மாட்டேங்குது." எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் காருக்குச் சொந்தக்காரரும் என்னைப் போலவே அந்தப் பழமொழியைச் சொல்லியிருப்பார். கொஞ்சம் சீக்கிரமாகச் சலித்துப் போயிருப்பார். எனக்கும் அவருக்கும் வித்தியாசம், வாசல் பெருக்குகிற ஓர் அம்மாள் மட்டுமே.

ஆகவே நாய் வளர்க்கும் கனவான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் என் விண்ணப்பம் இது. மாதம் ஒரு முறை நாயைத் தூக்கிக் கொண்டு எடை மிஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். எழுதி வையுங்கள். காலையில் அதன் மலத்தைப் பாருங்கள். வைரத்தையா பார்க்கச் சொன்னேன், கூச்சப்பட வேண்டாம். தின்றும் இளைத்தால் தீனியைக் கூட்டாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் வாசலில் நாய் படத்தை மாட்டிக் கொள்ளலாம். படம் இளைக்காது.

டைகர் இப்போது இருபத்தொன்பது கிலோ. இதை எழுதிக் கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் என் கால் மேல் தலையை வைத்துக் கொண்டு தூங்குகிறது. கால் மரத்துப் போய்விட்டது. எடுக்க மனம் வரவில்லை.

என் கிழவிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் கொள்கிறேன். இனிமேல் என் கதையில் நீங்கள் யாரையாவது ஏச வேண்டுமானால் வேறு பழமொழி தேடிக் கொள்ளுங்கள். இது இனி உங்களுக்குக் கிடைக்காது.