சாப்ட்வேர் இலவசம், பெயர் யாருடையது?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது: "வேர்ட்பிரஸ் இலவசம்தானே? பிறகு எதற்கு வருஷா வருஷம் பணம்?" சாப்ட்வேர்தான் இலவசம். அது தங்கும் ஹோஸ்டிங் இடத்திற்கும், உங்கள் டொமைன் பெயருக்கும் வாடகை உண்டு. அந்த வாடகைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது என்று பெரும்பாலானோர் பார்ப்பதே இல்லை.

எனக்குத் தெரிந்த தேன் வியாபாரி ஒருவர், தளத்தின் முகவரியைப் பாட்டில் லேபிளில் அச்சடித்திருந்தார். தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். "அவன் துபாய்க்குப் போயிட்டான், போன் எடுக்க மாட்டேங்கான்" என்றார் வியாபாரி. புதுப்பிக்காமல் பெயர் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். லேபிள் மட்டும் மிச்சம்.

ஓப்பன் சோர்ஸ் உலகில் பெரியவர்களுக்கே இந்த அனுபவம் உண்டு. 2005-இல் மாம்போ என்ற தளம் அமைக்கும் சாப்ட்வேரை எழுதியவர்கள், அதன் நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார்கள். ஜிபிஎல் உரிமம் இருந்ததால் புரோகிராம் முழுவதையும் கையோடு எடுத்துக்கொண்டு போக முடிந்தது. மாம்போ என்ற பெயரை எடுத்துப்போக முடியவில்லை! புதுப் பெயர் தேடி ஜூம்லா என்று வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருளாம். பாகப்பிரிவினைக்குப் பிறகு வைத்த பெயர்!

2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம், டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்திற்கு அப்டேட் கிடைக்கும் வழியை அடைத்தது. டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் திறக்கச் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். புரோகிராம் திறந்திருந்தாலும் வாசல் ஒருவர் கையில் இருந்தது அல்லவா?

ஆகவே டொமைனை உங்கள் பெயரில், உங்கள் சொந்த இமெயிலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஹோஸ்டிங் பாஸ்வேர்டும், வேர்ட்பிரஸ் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கும் உங்களிடம் இருக்கட்டும். "உங்களுக்கு எதற்கு அதெல்லாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள் என்பேன். கடையைப் பூட்டிச் சாவியை ஆசாரியிடமா கொடுத்துவிட்டுப் போவோம்?

இங்கிலீஷ் மெனுவைப் பார்த்துத்தான் பலர் ஒதுங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கங்கே இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஒவ்வொருவரும் தன் புரொபைலில் தனித்தனி மொழி வைத்துக்கொள்ளும் வசதியும் 2016-இல் வந்த 4.7 பதிப்பிலிருந்து உண்டு. நீங்கள் தமிழிலும், களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துக் கூட்டாளி மலையாளத்திலும் ஒரே தளத்தை நிர்வகிக்கலாம்.

அப்டேட் அறிவிப்பு வந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 2014 அக்டோபரில் துருபல் சாப்ட்வேரில் ஓர் ஓட்டை வெளியானபோது, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்திற்குள் சரி செய்யாத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டதாகவே கருதுங்கள் என்று அந்தக் குழுவே எச்சரித்தது.

அப்டேட்டுக்கு முன் பேக்கப் அவசியம். வேர்ட்பிரஸ் 'டூல்ஸ்' மெனுவில் உள்ள 'எக்ஸ்போர்ட்' மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம். அதில் எழுத்துகள் வரும். படங்களின் முகவரி வரும், படங்கள் வராது. டேட்டாபேஸையும் 'டபிள்யூபி-கன்டென்ட்' போல்டரையும் சேர்த்துப் பென் டிரைவில் எடுத்து, கல்லாப்பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.