எந்த நாலு பேர்?

எங்கள் வங்கிக் கிளையில் ஒரு அதிகாரி. முற்போக்கானவர். சாதி பார்ப்பதில்லை என்று அவரே சொல்வார், நாம் கேட்காமலேயே. பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கிறார். மனப்பாடம், அடி, மார்க்குப் பைத்தியம் எதுவும் வேண்டாமாம். வாஸ்தவம்தான், அவர் சொல்வதில் பாதியை நானும் சொல்வேன். "பையன் நாலு பேரோட பழக வேணாமா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். "எல்லாரும் கேக்கற கேள்விதான். வாரத்துல ரெண்டு நாள் வயலின் கிளாஸ், சாயங்காலம் அபார்ட்மெண்ட் பசங்களோட ஷட்டில், லீவுல கசின்ஸ். ஸ்கூல் பசங்களைவிட நல்லாவே பழகறான்."

பொய்யில்லை. அந்தப் பையனைப் பார்த்திருக்கிறேன். பெரியவர்களிடம் கூச்சமில்லாமல் பேசுகிறான், கை கொடுக்கிறான். ஆனால் தோழர்களே, அந்தப் பட்டியலை இன்னொரு தரம் வாசியுங்கள். நாலு பேரோடு பழகுகிறான் சரி, எந்த நாலு பேர்? சேரிப் பிள்ளை அதில் எந்த வாசல் வழியாக நுழையும்? நம் ஆள் அந்த வீட்டுக்கு வந்தால் பாத்திரம் தேய்க்கத்தான் வரும்.

இந்த நாட்டில் வீடு என்பது நாலு சுவர் மட்டுமா? எந்தத் தெரு, யார் திண்ணை, யாருக்கு எந்த டம்ளர் என்பதையெல்லாம் பிள்ளை பேச்சுப் பழகும்போதே வீடு சொல்லிக் கொடுத்துவிடுகிறது. வீட்டுக் கல்வியின் மகிமையை நமக்கு 1953லேயே காட்டிவிட்டார்கள். கிராமத்துத் தொடக்கப்பள்ளியை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கத்துக்கோ என்றார் ராஜாஜி. செத்த மாடு தூக்குகிறவன் பிள்ளைக்கு வீட்டில் என்ன பாடம்? பெரியார் எதிர்த்துக் கிளம்பினார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்து அதைத் தூக்கியெறிந்தார். பிறகு 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளியிலும் 25 விழுக்காடு இடம் ஏழை, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்றது. நாம் பக்கத்துப் பெஞ்சுக்கு வருகிற நேரத்தில் சிலருக்குப் பள்ளிக்கூடமே கசக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆறாம் வகுப்பில் உயரவாக்கில் உட்கார வைத்ததால் என் பக்கத்தில் ஊர்த்தெருப் பையன் ஒருத்தன். கணக்குக்கு என்னைப் பார்த்து எழுதுவான். ஒருநாள் விளையாடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டான். அம்மா கொடுக்கவில்லை. "வேணாஞ்சாமி, ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சா எங்களத்தான் வெட்டுவான்." அவனே பானையில் மொண்டு குடித்தான். விஷயம் தெரிந்து அவன் வீட்டில் செமத்தியான அடி. மறுவாரம் மறுபடி வந்தான். அந்தப் பெஞ்சு இல்லையென்றால் எங்கள் தெருப்பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

பள்ளிக்கூடம் சொர்க்கம் என்று நான் கதைவிடவில்லை. அம்பேத்கரைத் தனியாகக் கோணிமேல் உட்கார வைத்ததும் பள்ளிக்கூடம்தான். பியூன் வந்து குழாயைத் திறக்காவிட்டால் அவருக்குத் தண்ணீர் கிடையாது. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள்.

நாலாம் வகுப்பு படிக்கிற என் மகளிடம் போன மாதம் ஒரு டீச்சர், வகுப்பில் எல்லார் முன்னாலும், "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு நாள் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. "நாமளும் வீட்லயே வச்சுச் சொல்லிக் குடுத்தா என்னங்க?" என்றாள் என் துணைவி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்காவது நியாயம் உண்டென்றால் எங்களுக்குத்தான் உண்டு. ஆனால் நாம் எழுந்து வந்துவிட்டால் அந்தப் பெஞ்சு யாருக்குப் போகும்? கோணியிலிருந்து பெஞ்சுக்கு வர நமக்கு எத்தனை தலைமுறை ஆயிற்று!

மூன்றாம் நாள் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். டீச்சர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதித் தலைமையாசிரியரிடம் மனுவாகக் கொடுத்திருக்கிறேன். நாலு பெற்றோர் கையெழுத்து. அதில் ஒருவர் சாதி இந்து. அவர் மகள் என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் மறுபடி போகிறோம்.

அதிகாரி நண்பரே, உங்கள் பையனை அந்தப் பள்ளியில் கொண்டுவந்து சேருங்கள். மனப்பாடத்தையும் அடியையும் எதிர்த்து நீங்கள் ஒரு மனு எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.